பக்கம் மாறாத தலைவலிகள்

'ஒற்றைத் தலைவலி' என்றதும் நம் நினைவுக்கு வருவது மைக்ரேன். பண்டைய கிரேக்கர்களும் அதைப் பாதி மண்டை வலி என்றே அழைத்தார்கள். 'ஹெமிக்ரேனியா' என்ற அவர்களுடைய சொல் தேய்ந்துதான் மைக்ரேன் ஆனது. ஆனால், மைக்ரேன் பக்கம் மாறி வரும். சிலருக்கு இரண்டு பக்கமும் வலிக்கும். பெரும்பாலும் ஒரே பக்கத்தைப் பிடித்துக்கொண்டு விடாத தலைவலிகள் வேறு சில இருக்கின்றன.

மைக்ரேன் உலகில் ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவருக்கு உண்டு. இந்த அரிய வகைகளில் அதிகம் காணப்படும் கிளஸ்டர் தலைவலியோ ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் வருகிறது. ஒரு லட்சம் பேர் வாழும் ஊரில் சுமார் 100 பேர். மற்றவை அதைவிடவும் அரிது.

நேரம் தவறாத வலி

கிளஸ்டர் தலைவலி பலருக்குத் தூங்கிய ஒன்றிரண்டு மணி நேரத்தில், தினமும் கிட்டத்தட்ட ஒரே வேளையில் வரும். ஒரு கண்ணைச் சுற்றி, நெற்றிப்பொட்டில் குத்திக் குடையும். அந்தக் கண் மட்டும் சிவந்து நீர் வடியும், இமை தொங்கும், அந்தப் பக்க மூக்கு அடைக்கும் அல்லது ஒழுகும். மைக்ரேன் வந்தவர் இருட்டறையில் அசையாமல் படுத்திருப்பார். கிளஸ்டர் வலி வந்தவரால் அமைதியாக உட்காரவே முடியாது. வீட்டுக்குள் நடந்துகொண்டே இருப்பார், சிலர் சுவரில் தலையை மோதிக்கொள்வதும் உண்டு. சில வாரங்களோ மாதங்களோ இப்படி வாட்டிவிட்டு, வலி மறைந்துபோகும். பலருக்கு அடுத்த ஆண்டு அதே பருவத்தில் திரும்பிவரும். பெண்களைவிட ஆண்களுக்கே அதிகம்.

இந்த ஒழுங்குக்குக் காரணம் மூளையின் ஆழத்தில் இருக்கலாம். உடலின் கடிகாரம் இருக்கும் ஹைப்போதலாமஸ் பகுதி வலியின்போது விழித்தெழுவதை 1998இல் ஸ்கேன் ஆய்வு ஒன்று காட்டியது. முகத்தின் வலியுணர்வைச் சுமக்கும் ட்ரைஜெமினல் நரம்பு தூண்டப்படும்போது, கண்ணீரையும் மூக்குநீரையும் சுரக்கவைக்கும் நரம்புகளும் சேர்ந்து தூண்டப்படுகின்றன. அதனால்தான் 'சைனஸ்', 'தலையில் நீர் கோத்திருக்கிறது' என்று சொல்லிக்கொண்டே பல ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. பல்லைப் பிடுங்கிக்கொண்டவர்களும் உண்டு.

கால அளவே துப்பு

கிளஸ்டர் வலி 15 நிமிடம் முதல் 3 மணி நேரம்வரை நீடிக்கும். இதே அறிகுறிகளோடு 2 முதல் 30 நிமிடம் வரை, ஒரு நாளில் பல முறை வந்துபோனால் அது பராக்ஸிஸ்மல் ஹெமிக்ரேனியாவாக இருக்கலாம். நார்வே மருத்துவர் ஒட்டார் ஷோஸ்டாடும் டாலே என்பவரும் 1974இல் இதை விவரித்தார்கள். சில நொடிகளில் மின்னலாய் வெட்டி, ஒரே நாளில் நூறு முறைகூடத் தாக்கக்கூடியது 'சங்க்ட்'. ஹெமிக்ரேனியா கன்டினுவாவில் பாதித் தலை மூன்று மாதத்துக்கு மேல் விடாமல் வலித்துக்கொண்டே இருக்கும். இடையிடையே வலி உச்சத்துக்கு ஏறும்.

பெயரைச் சரியாகக் கண்டறிந்தால் மருந்தும் மாறுகிறது. இரண்டு ஹெமிக்ரேனியாக்களும் இண்டோமெத்தசினுக்கு முற்றிலும் அடங்கும். அப்படி அடங்குவதே நோயை உறுதிசெய்யும் சோதனை. வயிற்றைப் புண்ணாக்கக்கூடிய மருந்து என்பதால் மருத்துவர் சொல்லாமல் அதைத் தொடக் கூடாது. கிளஸ்டர் வலி பலருக்கு முகமூடி வழியே தூய ஆக்சிஜனை 15 நிமிடம் சுவாசித்தால் தணியும். சுமாட்ரிப்டான் ஊசியும் உதவும். திரும்பத் திரும்ப வருவதைத் தடுக்க வெரபமில் தருவார்கள். வலி வந்துபோகும் அந்த வாரங்களில் மதுவைத் தொட்டாலே பலருக்கு வலி கிளம்பிவிடும்.

திடீரென்று இதுவரை இல்லாத கடும் தலைவலி, காய்ச்சலோடு கழுத்து இறுக்கம், கைகால் பலவீனம், 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் வலி ஆகியவற்றுக்குத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மற்றபடி, மருத்துவர் முன் உட்காரும்போது பெரும்பாலும் வலி இருக்காது, கண்ணும் வெளுத்திருக்கும். ஆகவே அடுத்த முறை வலி வரும்போது வீட்டில் உள்ளவர், வலி தொடங்கிய நேரத்தையும் நின்ற நேரத்தையும் ஒரு தாளில் குறித்துவைக்கட்டும்; சிவந்த கண்ணைக் கைபேசியில் படம் எடுக்கட்டும். நரம்பியல் மருத்துவரிடம் கொண்டுபோகும் கோப்பில் எல்லா ஸ்கேனுக்கும் மேலே அந்தத் தாள் இருக்கட்டும்.