வழுக்கற் பாதையும் லொறிச் சில்லும்: எல்.எஸ்.டி. டிபரன்சியலும் அதற்குரிய கியர் எண்ணெயும்

மே மாதம் முதல் செப்டெம்பர் வரை நீடிக்கும் தென்மேல் பருவப்பெயர்ச்சிக் காலத்தில், திம்புள்ள, லிந்துலை, அக்கரப்பத்தனை ஆகிய பகுதிகளில் மரக்கறி பயிரிடுவோர்க்குப் பயிரைக் காப்பது ஒரு பாடு. பிடுங்கிய பயிரை வீதிக்குக் கொண்டு சேர்ப்பது மற்றொரு பாடு. ஹற்றனிலிருந்து நுவரெலியா செல்லும் பிரதான வீதியை அடைந்துவிட்டால் லொறி தன் வழியே போய்ச் சேரும். அவ்வீதிக்கு வந்து சேரும் முன்னர் கடக்கவேண்டிய செம்மண் தோட்டப் பாதையிலேதான் இடர் உள்ளது. கோவாவும் லீக்சும் ஏற்றிய லொறி ஓரிடத்தில் நின்றுவிட்டால், அன்றைய சந்தை தவறும், அடுக்கிய மரக்கறி சூடேறி வாடும், விலையும் இறங்கும்.

அவ்வாறு நின்ற லொறியை உற்று நோக்குமின். பின்புறச் சில்லுகளுள் ஒன்று மட்டும் சேற்றிற் சுழன்று குழி பறித்துக்கொண்டிருக்கும். மற்றைய சில்லு உறுதியான தரையில் நின்றும் அசையாதிருக்கும். எஞ்சினில் வலுவுண்டு, நல்ல தரையும் ஒரு சில்லின் கீழ் உண்டு, ஆயினும் வண்டி நகராது. இதற்குக் காரணம் பின் அச்சின் நடுவே குடம்போற் பருத்த பகுதியினுள் இருக்கும் டிபரன்சியல் ஆகும்.

வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சில்லு கூடிய தூரமும் உட்புறச் சில்லு குறைந்த தூரமும் ஓடவேண்டும். இரண்டையும் ஒரே அச்சில் இறுகப் பூட்டினால் ஒன்று இழுபட்டு டயர் தேயும்; வண்டியும் எளிதில் திரும்பாது. இக்குறையைத் தீர்ப்பதற்கென 1827ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டவரான ஒனசிபோர் பெக்கூர் என்பார் நீராவி வண்டிக்காக வகுத்த பற்சில்லு அமைப்பே இன்றும் நம் லொறிகளில் உள்ளது. அது இரு சில்லுகளையும் வெவ்வேறு வேகத்தில் ஓடவிடும். ஆனால் இரண்டுக்கும் எப்போதும் ஏறக்குறையச் சமமான திருப்பு விசையையே கொடுக்கும். சேற்றில் உள்ள சில்லு நூறு பங்கு விசையைத்தான் தாங்கும் எனில், கற்றரையில் உள்ள சில்லுக்கும் அந்த நூறு பங்கே கிடைக்கும். மெலிந்த மாடு இழுக்கும் அளவுக்கே வலிய மாடும் இழுக்கும் என்பது போன்றது இது.

எல்.எஸ்.டி. எனக் கராஜ்களில் வழங்கும் டிபரன்சியல் இக்குறையை ஓரளவு நீக்குவது. பெரும்பாலானவற்றில், இரு பக்க அரை அச்சுகளோடும் டிபரன்சியற் கூட்டோடும் இணைந்த மெல்லிய தட்டுகள் மாறிமாறி அடுக்கப்பட்டு, வில்லுகளால் அழுத்தப்பட்டிருக்கும். ஒரு சில்லு தனித்து வேகமாகச் சுழல முற்படும்போது தட்டுகள் ஒன்றோடொன்று உராய்ந்து அதனைத் தடுக்கும். அத்தடை அளவுக்கு மற்றைய சில்லுக்கு விசை கூடும். தட்டில்லாது சாய்பற்களின் உராய்வினாலேயே இயங்கும் வகையும் உண்டு. அது நன்று, ஆயினும் ஒரு சில்லு முழுவதும் அந்தரத்தில் தொங்கினால் அதனாற் பயன் மிகக் குறைவு. அவ்வேளையில் பிரேக்கை இலேசாக மிதித்துக்கொண்டு வேகங்கொடுத்தால் பிடிப்புக் கிடைப்பதுண்டு.

இதனைப் பொருத்துமுன் சில விடயங்களை எண்ணிப் பார்த்தல் வேண்டும். டயரின் வெட்டுத் தேய்ந்து வழுவழுப்பான வண்டிக்கு எல்.எஸ்.டி. பொருத்துவது பணத்தைச் சேற்றிலிடுவதாகும். இரு சில்லுகளும் ஒருங்கே வழுக்கும், அவ்வளவே. பாதையோரக் கானைத் துப்புரவாக்கி நீரை வடியச் செய்தாலே பாதி வழுக்கல் தீரும் இடங்கள் பல. அதற்கு ஓரிரு நாட் கூலியே செலவு. அண்மைக்காலப் பிக்கப் வாகனங்கள் சிலவற்றில், தனித்துச் சுழலும் சில்லைத் தானாகவே பிரேக் பிடித்து நிறுத்தும் மின்னணு ஏற்பாடு இருப்பதால் அவற்றின் உரிமையாளர் முதலில் அதனை விசாரித்தறிதல் நன்று. இவ்வளவுக்குப் பின்னரும், வாரந்தோறும் சரக்கேற்றிச் செங்குத்தான மண்பாதையில் ஏறவேண்டியவர்க்கு எல்.எஸ்.டி. தகுந்த செலவேயாகும்.

வேறோர் எச்சரிக்கையும் உண்டு. சாதாரண டிபரன்சியல் உள்ள வண்டியில் ஒரு சில்லு வழுக்கினாலும் மற்றையது பக்கவாட்டில் வண்டியைத் தாங்கி நிற்கும். எல்.எஸ்.டி. உள்ள வண்டியில் இரண்டும் சேர்ந்து வழுக்கினால் வண்டியின் பின்புறம் பள்ளத்துப் பக்கமாகச் சரியும். ஒரு புறம் மலையும் மறுபுறம் பள்ளமுமாக உள்ள நம் பாதைகளில் இது சிறு விடயமன்று. சரிவான ஈரப்பாதையில் எஞ்சினை முறுக்காது, தாழ்ந்த கியரில் சீராக ஏறுதல் வேண்டும்.

பொருத்தும் முறை

இவ்வேலையைக் கமக்காரர் தாமே வீட்டு முற்றத்தில் செய்ய முற்படலாகாது. எனினும் கராஜில் என்ன செய்யப்படவேண்டும் என்பதை அறிந்திருந்தால், செய்யாது விட்டதைக் கேட்க முடியும்.

வாங்கும் எல்.எஸ்.டி. அந்த வண்டியின் மாதிரிக்கும், அரை அச்சு முனையிலுள்ள வரிப்பற்களின் எண்ணிக்கைக்கும், பெரிய பற்சில்லின் அளவுக்கும் பொருந்தவேண்டும். பழைய பாகக் கடையில் அச்சு முழுவதையும் வாங்குவோர் பற்களின் விகிதத்தையும் ஒப்பிடல் வேண்டும். நான்கு சில்லும் இழுக்கும் வண்டியில் முன் அச்சின் விகிதமும் பின் அச்சின் விகிதமும் வேறுபட்டால் இடைப்பெட்டி முறிந்துபோகும்.

கழற்றும்போது, பேரிங்கைப் பிடித்திருக்கும் மூடிகள் இரண்டிலும் இடம் வலம் குறிக்கப்படவேண்டும்; அவை ஒன்றுக்கொன்று மாறக்கூடாதவை. பேரிங்கின் பக்கங்களில் வைத்த மெல்லிய வளையங்களின் தடிப்பும் குறித்து வைக்கப்படவேண்டும். பெரிய பற்சில்லைப் புதிய கூட்டில் பூட்டும்போது புதிய போல்ட்டுகளையே இட்டு, தயாரிப்பாளர் நூலிற் கூறிய அளவுக்கு விசைமானிச் சாவியால் இறுக்குதல் முறை. தட்டு வகையாயின், பூட்டுமுன் தட்டுகளை உரிய எண்ணெயில் ஊறவைத்தல் அவசியம். உலர்ந்த தட்டு முதல் ஓட்டத்திலேயே எரியும்.

யாவற்றிலும் முக்கியமானது பற்களுக்கிடையே உள்ள இடைவெளி. பல சிறு வாகனங்களில் இது 0.13 முதல் 0.20 மில்லிமீற்றர் வரை இருக்கவேண்டும்; தத்தம் வண்டிக்குரிய அளவை நூலிற் பார்த்துக்கொள்க. இதனைக் கையால் ஆட்டிப் பார்த்துக் கூறுதல் இயலாது. முள்மானி கொண்டே அளத்தல் வேண்டும். பின்னர்ப் பற்களில் வர்ணப் பசை தடவிச் சுழற்றி, தடம் பல்லின் நடுவே விழுகின்றதா எனப் பார்க்கவேண்டும். முள்மானியும் பசையும் இல்லாத கராஜில் இவ்வேலையைக் கொடாதிருப்பதே மேல். இடைவெளி தவறினால் வண்டி ஓடும்போது ஊளையிடும். சில மாதங்களில் பல்லும் உதிரும்.

எண்ணெய் தெரிவு

டிபரன்சியலின் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று உருள்வதோடு வழுக்கியும் செல்வன. அவ்வழுத்தத்தைச் சாதாரண எஞ்சின் எண்ணெய் தாங்காது. ஆதலால் கந்தகமும் பொசுபரசும் சேர்ந்த கியர் எண்ணெய் வேண்டும். அதன் கடுமணமே அதற்கு அடையாளம். தகரத்தில் ஜி.எல்.-5 என்றிருப்பது இவ்வேலைக்குரியது. ஜி.எல்.-4 பெரும்பாலும் கியர்ப் பெட்டிக்குரியது. மிகுந்தது எனக் கருதி ஜி.எல்.-5 எண்ணெயைக் கியர்ப் பெட்டியில் ஊற்றுவோர் உளர். அங்குள்ள பித்தளை, வெண்கல வளையங்களை அது அரிக்கக்கூடும்.

80டபிள்யூ-90 என்பது தடிப்பைக் குறிப்பது. முதல் எண் குளிரில் ஓடும் தன்மையையும் பின் எண் சூட்டில் உள்ள தடிப்பையும் காட்டும். சனவரி, பெப்ரவரி அதிகாலைகளில் உறைபனி விழும் நுவரெலியாவுக்கும் இது போதுமானது. பாரமேற்றி நெடுந்தூரம் ஓடும் லொறிகளுக்கு 85டபிள்யூ-140 கூறப்பட்டிருப்பின் அதனையே இடுக.

தட்டு வகை எல்.எஸ்.டி.க்கு ஜி.எல்.-5 மட்டும் போதாது. தட்டுகள் விட்டுவிட்டுப் பிடிக்காமல் மென்மையாக உராய்வதற்கென ஒரு சேர்மானம் வேண்டும். தகரத்தில் எல்.எஸ். அல்லது எல்.எஸ்.டி. என அச்சிட்டிருந்தால் அது முன்னரே கலந்துள்ளது, மேலும் கலக்கலாகாது. அளவு மிஞ்சினால் தட்டுகள் பிடியாது வழுக்கும், பொருத்தியும் பயனில்லை. குறைந்தால், மெதுவாக வளையும்போது பின்புறத்தில் கடகடவென அதிர்வு எழும். சாய்பல் வகைக்கோ இச்சேர்மானம் வேண்டுவதில்லை, பிடிப்பையும் குறைக்கும்.

தம் வண்டியில் எவ்வகை உள்ளதென அறியாதோர், எண்ணெய்த் துளையருகே எச்சரிக்கைத் துண்டு ஒட்டியிருக்கிறதா எனப் பார்க்கவும். அன்றேல் எஞ்சினை நிறுத்தி, முன் சில்லுகளுக்கு அணைக்கல் வைத்து, பின் சில்லுகள் இரண்டையும் உயர்த்தி உறுதியான தாங்கிகளில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கைத் தளர்த்தி, ஒரு சில்லைக் கையால் திருப்புக. மற்றையது எதிர்த்திசையில் திரும்பினால் சாதாரண வகை; அதே திசையில் திரும்பினால் எல்.எஸ்.டி. ஆகும். தட்டுகள் தேய்ந்ததும் சாய்பல் வகையும் சாதாரணமானது போலவே திரும்பக்கூடும். எல்.எஸ்.டி. உள்ள வண்டியில் ஒரு சில்லை மட்டும் ஜாக்கியில் உயர்த்தி எஞ்சினால் ஒருபோதும் சுழற்றலாகாது. தரையிலுள்ள சில்லு இழுக்க, வண்டி ஜாக்கியிலிருந்து பாய்ந்து ஆளை நசுக்கும்.

எண்ணெயை மாற்றும்போது முதலில் மேலேயுள்ள ஊற்றும் மூடி கழல்கின்றதா எனப் பார்த்து, பின்னரே அடிமூடியைக் கழற்றுக. எண்ணெய் முழுதும் வடிந்தபின் மேல்மூடி இறுகிப்போனதைக் கண்டு வருந்துவோர் பலர். புதிய எண்ணெய் துளையின் கீழ்விளிம்பு மட்டத்துக்கு நின்றால் போதும். புதிய எல்.எஸ்.டி. பொருத்தியபின், வெறும் வண்டியை அகன்ற இடத்தில் எட்டு வடிவில் பத்துப் பன்னிரண்டு முறை மெதுவாக ஓட்டி, ஏறக்குறைய 1,000 கிலோமீற்றரில் எண்ணெயை மாற்றுக. பால்போல் வெளுத்த எண்ணெய் நீர் புகுந்ததற்கு அடையாளம். அச்சின் மேலுள்ள சிறு மூச்சுக்குழாய் சேற்றால் அடைபட்டிருக்கிறதா எனவும் பார்க்கவும்.

உழவு இயந்திரம் உடையோர்க்கு

கொத்மலை, வலப்பனை, ஹங்குராங்கெத்தைப் பகுதி வயல்களில் ஓடும் நாற்சில்லு உழவு இயந்திரங்களுக்கு எல்.எஸ்.டி. தேவையில்லை. அவற்றிற் பெரும்பாலானவற்றில் காலால் மிதிக்கும் டிபரன்சியல் பூட்டு உண்டு. சில்லு சுழலத் தொடங்குமுன், நேராகச் செல்லும்போது மட்டும் அதனை மிதிக்கவேண்டும். வரம்போரம் திரும்புமுன் விட்டுவிடவேண்டும். இவற்றுட் பலவற்றில் கியர்ப் பெட்டி, பின் அச்சு, ஏர் தூக்கும் ஹைட்ரோலிக் மூன்றும் ஒரே எண்ணெயில் இயங்குவதால், லொறிக்கு வாங்கிய ஜி.எல்.-5 மீதியை அதில் ஊற்றலாகாது.

இரு சில்லு உழவு இயந்திரத்தில் பொதுவாக டிபரன்சியல் இல்லை. கைப்பிடியிலுள்ள இரு கிளச்சுகளே அதனைத் திருப்புவன. பாரமேற்றிய பெட்டியுடன் இறக்கத்தில் வரும்போது வலக் கிளச்சைப் பிடித்தால் அப்பக்கச் சில்லு கட்டவிழ்ந்து வேகமாக ஓடி, வண்டி இடப்பக்கம் திரும்பும். செங்குத்தான இறக்கத்தில் கிளச்சைத் தொடாது, தாழ்ந்த கியரில் கைப்பிடியாலேயே திருப்புக.

வடித்த எண்ணெயைக் கானிலோ ஓடையிலோ ஊற்றவேண்டாம். திம்புள்ளப் பள்ளத்தாக்கின் ஓடைகள் கொத்மலை ஓயாவிற் கலந்து, தலவாக்கலையில் 2012ஆம் ஆண்டு முதல் இயங்கும் மேல் கொத்மலை நீர்த்தேக்கத்தை அடைவன. அதே ஓடைநீரையே கீழேயுள்ளோர் கரட் பாத்திக்கு இறைப்பர். மூடியுள்ள தகரத்தில் சேர்த்துக் கராஜில் ஒப்படைக்கவும். இயந்திரப் பராமரிப்புப் பற்றி மேலும் அறிய விரும்புவோர் தம் பிரதேச விவசாயப் போதனாசிரியரை நேரில் அணுகலாம்; அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் தொலைபேசி ஆலோசனைச் சேவையிற் கேட்டறியலாம்.