பக்கத்து பெஞ்சில் சிரங்கு... உங்கள் பிள்ளைக்கும் ஒட்டுமா?

‘‘என் பையன் கூட ஒரே பெஞ்சுல உட்கார்ற பையனுக்கு சிரங்காம் டாக்டர். மிஸ் சொல்லி அனுப்பினாங்க. இவனுக்கும் ஒட்டிக்குமா?’’

பள்ளிக்கூடம் திறந்து இரண்டு மாதம் ஆனால் போதும், இந்தக் கேள்வியோடு அம்மாக்கள் வர ஆரம்பித்து விடுவார்கள். சிலர் அதற்குள் தினமும் டெட்டால் ஊற்றிக் குளிப்பாட்டி, பிள்ளையின் தோலே வறண்டு போயிருக்கும். வேண்டாத வேலை!

சிரங்கு அழுக்கால் வருவதல்ல. உண்ணி இனத்தைச் சேர்ந்த எட்டுக்கால் பூச்சி ஒன்றுதான் காரணம். அரை மில்லி மீட்டர்கூட இருக்காது. பெண் பூச்சி மேல்தோலைக் குடைந்து சுரங்கம் போட்டு, தினம் இரண்டு மூன்று முட்டை வைக்கும். மூன்று நான்கு நாளில் அவை பொரிந்துவிடும். பூச்சியும் அதன் கழிவும் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போவதுதான் அரிப்பு. முதல் தடவை தொற்றுகிறவருக்கு அரிப்பு தொடங்கவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். முன்பே வந்து போனவருக்கு ஓரிரு நாளிலேயே பிடுங்கி எடுக்கும்.

ஆகவே, இன்று அரிக்கவில்லை என்பதால் தப்பித்தோம் என்று அர்த்தமில்லை. அதற்காக இன்றே மருந்து பூசவும் வேண்டாம். ஒரே பெஞ்சில் உட்கார்வதாலோ, கை குலுக்குவதாலோ சாதாரணமாக ஒட்டாது. தோலோடு தோல் பத்துப் பதினைந்து நிமிடமாவது சேர்ந்திருக்க வேண்டும். அதனால்தான் வகுப்பறையைவிட வீட்டில், ஒரே பாயில், ஒரே போர்வைக்குள் இது சுலபமாகப் பரவுகிறது. ஹாஸ்டல் பிள்ளைகளுக்கும் இதே கதைதான்.

ஆறு வாரம் கவனித்து வாருங்கள். ராத்திரியில் அரிப்பு கூடுகிறதா? விரல் இடுக்கு, மணிக்கட்டு, அக்குள், தொப்புளைச் சுற்றி, இடுப்பு, பிட்டம், ஆண் பிள்ளைகளுக்குப் பிறப்புறுப்பு... இங்கெல்லாம் சின்னச் சின்னப் பொரிப்பொரியாக இருக்கிறதா? வீட்டில் இன்னொருவரும் சொறிகிறாரா? அப்படியானால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

நான் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்தவன். ஆனாலும் சொல்கிறேன், பூச்சியைக் கொல்ல பெர்மெத்ரின் 5 சதவிகித கிரீம் நல்ல மருந்து. ராத்திரி கழுத்திலிருந்து உள்ளங்கால்வரை, நகக்கண், விரல் இடுக்கு விடாமல் பூசி, காலையில் குளிக்க வேண்டும். நடுவில் கை கழுவினால் கையில் மறுபடி பூச வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் மருத்துவரைக் கேட்காமல் எதுவும் கூடாது.

கந்தகம் நம் வைத்தியத்தில் சிரங்குக்குக் காலங்காலமாக உள்ளது. ஆங்கில மருத்துவத்திலும் கந்தகக் களிம்பு உண்டு. அதற்காக நாட்டு மருந்துக் கடையில் கந்தகம் வாங்கி எண்ணெயில் குழைத்துப் பூசாதீர்கள், தோல் வெந்துபோகும். குப்பைமேனி இலையை மஞ்சளோடு அரைத்துப் பூசலாம், வேப்பிலை போட்ட வெந்நீரில் குளிக்கலாம். அரிப்புக்கு இதமாக இருக்கும். ஆனால் சுரங்கத்துக்குள் இருக்கும் பூச்சிக்கு இதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். உப்புச் சேர்த்து அரைக்கிற வழக்கம் உண்டு. சொறிந்து புண்ணான பிள்ளைக்கு அது எரியும், பாவம்!

மெடிக்கல் ஷாப்பில் ‘அரிப்புக்கு ஒரு டியூப் குடுங்க’ என்று கேட்டு வாங்குவதுதான் எல்லாவற்றிலும் மோசம். அவற்றில் பல ஸ்டீராய்டு கலந்தவை. அரிப்பு அடங்கும், பூச்சி உள்ளே பெருகும்.

மருந்தை வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் பூச வேண்டும். ஒரு வீட்டில் பாட்டி மட்டும், ‘‘எனக்குத்தான் அரிக்கலையே, எனக்கெதுக்கு?’’ என்று மறுத்துவிட்டார். அவரோடு படுக்கிற பேத்திக்கு மூன்று தடவை திரும்ப வந்தது. ஏழாவது படிக்கிற பெண், கையை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று வகுப்பில் பதில் சொல்லக்கூடக் கை தூக்குவதில்லையாம். பேத்தியே சொல்லி அழுத பிறகுதான் பாட்டி சம்மதித்தார். அதோடு நின்றது.

மூன்று நாளாக உடுத்திய துணி, விரிப்பு எல்லாவற்றையும் கொதிக்கும் நீரில் அலசி வெயிலில் போடுங்கள். துவைக்க முடியாததைப் பிளாஸ்டிக் பையில் ஒரு வாரம் கட்டி வையுங்கள். மனித உடம்பை விட்டால் பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. வீடு முழுக்க மருந்தடிக்க வேண்டியதில்லை.

சொறிந்த இடத்தில் சீழ் வைத்தால் அலட்சியம் வேண்டாம். அந்தப் புண்ணில் சேரும் கிருமியால் சில பிள்ளைகளுக்குச் சிறுநீரகம் பாதிக்கும். முகம் வீங்கினாலோ, சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பூச்சி செத்த பிறகும் இரண்டு முதல் நான்கு வாரம் அரிப்பு இருக்கலாம். மருந்து வேலை செய்யவில்லையென்று தினம் தினம் பூசாதீர்கள். கத்தரிக்காய், கருவாடு ஆகாது என்பார்கள். அந்தப் பத்தியம் அரிப்பைக் குறைக்கத்தான், பூச்சிக்கல்ல.

முதல் தடவை மருந்து பூசிய மறுநாளே பிள்ளை பள்ளிக்குப் போகலாம். தனியாக உட்கார வைக்கத் தேவையில்லை என்று டீச்சரிடம் நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மறைத்து வைத்தால், பக்கத்தில் உட்காரும் பிள்ளையின் அம்மாவுக்குத் தெரியவே தெரியாது.