காந்தம் ஒட்டினால் மட்டமான எவர்சில்வரா?

பாத்திரக் கடைக்குக் கையில் காந்தத்தோடு போகிறவரா நீங்கள்? ‘ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் ஒரிஜினல்’ என்பதை அப்படியே நம்ப வேண்டாம்.

இரும்பின் ஒவ்வோர் அணுவும் ஒரு குட்டிக் காந்தம். இவை கூட்டம் கூட்டமாக ஒரே திசை பார்த்து நிற்கும். ஆனால், ஒவ்வொரு கூட்டமும் ஒவ்வொரு பக்கம் பார்ப்பதால் வெளியே காந்த சக்தி தெரியாது. காந்தத்தை அருகில் கொண்டுபோனால் கூட்டங்கள் அதன் திசைக்குத் திரும்பிவிடும், ‘டக்’கென்று ஒட்டிக்கொள்ளும்.

எவர்சில்வரிலும் பெரும்பகுதி இரும்புதான். 304 ரகத்தில் சுமார் 18 சதவிகிதம் குரோமியம், 8 சதவிகிதம் நிக்கல் சேர்க்கிறார்கள். நிக்கல், இரும்பு அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதத்தையே மாற்றிவிடுவதால் காந்தம் ஒட்டாது. அழுத்தி வளைத்த ஓரங்களில் மட்டும் லேசாக ஒட்டலாம்.

சிக்கல் இங்கேதான். நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த, விலை குறைந்த 200 வரிசை ரகங்களிலும் காந்தம் ஒட்டாது! 304-ஐவிட அவை சீக்கிரம் துருப்பிடிக்கலாம். நிக்கல் சேர்க்காத 430 ரகத்தில் காந்தம் ஒட்டும். அதுவும் எவர்சில்வர்தான், போலி அல்ல. இண்டக்‌ஷன் அடுப்புக்கோ, அடிப்பாகத்தில் காந்தம் ஒட்டும் பாத்திரம்தான் வேண்டும்.

ஆகவே, இண்டக்‌ஷன் பாத்திரம் வாங்கும்போது காந்தத்தை எடுத்துப்போங்கள். 304-க்கு உரிய விலை கொடுக்கும்போது, ரகத்தை பில்லில் எழுதி வாங்குங்கள்.