முறைக்குக் காத்திருத்தல்

தமிழில் ‘பாடு’ என்னும் சொல் சிறியது; அது தரும் பொருளோ பல. உழைப்பைக் குறிக்கப் ‘பாடுபட்டான்’ என்கிறோம். துன்பத்தைச் சொல்ல ‘என் பாடு பெரும்பாடு’ என்கிறோம். ஒருவனை அவன் போக்கில் விட்டுவிட எண்ணினால், ‘அது அவன் பாடு’ என்று கூறி நகர்ந்துவிடுகிறோம். கடற்கரை ஊர்களில் வலையில் மீன் படுதலை ‘மீன்பாடு’ என்பர். பழவேற்காட்டு ஏரியை நம்பி வாழும் மீனவரிடையே இச்சொல்லுக்கு மேலும் ஒரு பொருள் உண்டு. ஏரியில் வலை கட்டுதற்குரிய இடத்தையும், அவ்விடத்தை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஒழுங்கையும் அவர்கள் ‘பாடு’ என்றே வழங்குகின்றனர். அந்தப் பாடுமுறை எத்தகையது என்பதையும், அது ஒருவனுக்கு அவனையே காட்டும் கண்ணாடியாக எவ்வாறு அமைகிறது என்பதையும் இப்பாடத்தில் காண்போம்.

சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டத்தின் கடலோரத்தில் அமைந்தது பழவேற்காடு. அங்கிருந்து வடக்கு நோக்கி ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நீளத்துக்கு ஏரி பரந்து கிடக்கிறது. அதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தைச் சார்ந்தது. தென்கோடி தமிழ்நாட்டைச் சார்ந்தது. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்த பெருமை இதற்கே உரியது. தெற்கே ஆரணி ஆறும் வடக்கே காலங்கி ஆறும் நன்னீரைக் கொணர்கின்றன. கிழக்கே ஸ்ரீஹரிக்கோட்டா என்னும் நீண்ட தீவு, கடலுக்கும் ஏரிக்கும் இடையே கரையிட்டாற்போலக் கிடக்கிறது. ஊரின் அருகே உள்ள முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். ஏரியோ ஆழமற்றது, பல இடங்களில் நின்றால் நீர் இடுப்பளவுக்கு மேல் வாராது. டச்சுக்காரர் இங்கே 1613ஆம் ஆண்டில் ஜெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டினர். அதன் எச்சத்தையும், அவர்களுடைய கல்லறைகளையும், ஏரிக்கு வரும் பூநாரைகளையும் காணச் செல்வோர் பலர். பாடுமுறையைக் கேட்டறியச் செல்வோர் மிகச் சிலரே.

பாடுமுறையை விளங்கிக்கொள்ள, முதலில் இறாலின் வாழ்க்கையை அறிதல் வேண்டும். வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது. அம்முட்டையிலிருந்து வெளிப்படும் நுண்ணிய குஞ்சுகள் கடல்நீர் ஏறும்போது முகத்துவாரத்தின் வழியே ஏரிக்குள் வந்து சேர்கின்றன. அலையற்ற நீரும் மிகுந்த இரையும் உள்ள ஏரியில் அவை சில திங்கள் வளர்கின்றன. பின்னர் நீரோட்டத்தோடு மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. வந்த வழியே அவை திரும்புதலால், முகத்துவாரத்தை அடுத்த நீரோட்டப் பகுதிகளில் இறால் மிகுதியாகக் கிடைக்கும். மீனவர் அங்கே கழிகளை ஊன்றி, அவற்றில் வலையைக் கட்டிப் பிடிப்பர். எல்லா இடங்களிலும் இவ்வாறு கிடைப்பதில்லை. ஒரு கழிவரிசையில் கூடை நிரம்பும்போது, கூப்பிடு தொலைவில் உள்ள மற்றொரு வரிசையில் அடுப்புக்கு வேண்டிய அளவும் படாமற் போவதுண்டு. ஏரி ஒன்றுதான், ஆனால் அதன் இடங்கள் ஒத்தவை அல்ல.

இந்நிலையில் என்ன செய்வது? வலியவன் நல்ல இடத்தைப் பற்றிக்கொள்ள, எளியவன் எஞ்சியதைக் கொள்ளலாம். விடியுமுன் ஓடிச் சென்று முதலில் கழி ஊன்றியவனுக்கே இடம் என்று வைத்துக்கொள்ளலாம். அவ்வாறு வைத்தால் இரவெல்லாம் காவலும், பகலெல்லாம் பூசலுமாக முடியும். பழவேற்காட்டைச் சார்ந்த கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய மூன்று ஊர்களின் மீனவர் வேறு வழியைக் கண்டனர். பாடுகளைப் பெயரிட்டு வரையறுத்தனர். ஊரில் மணமாகிக் குடும்பம் ஏற்ற ஆடவனைத் ‘தலைக்கட்டு’ எனக் கணக்கிட்டு, தலைக்கட்டுகளுக்குச் சீட்டு எடுத்து இடம் வழங்கினர். இன்று நல்ல இடத்தில் வலை கட்டியவர் அடுத்த முறையில் வேறிடம் செல்வார். அவர் நின்ற இடத்துக்கு இன்னொருவர் வருவார். இவ்வொழுங்கை மீறியவர் ஊர்ப் பஞ்சாயத்துக்கு விடை சொல்ல வேண்டும்.

இஃது இடத்தைப் பங்கிடும் ஏற்பாடு என்று மட்டும் எண்ணினால் இதன் அருமையில் பாதியே நமக்கு விளங்கும். ஒரு மீனவரை எண்ணிப் பாருங்கள். அவருக்கு முகத்துவாரத்தை அடுத்த நல்ல பாடு சீட்டில் விழுகிறது. வலை நிறைய இறால் படுகிறது. ‘என் கைத்திறன் யாருக்கு வரும்?’ என்று அவர் மனத்துக்குள் எண்ணிக்கொள்ளலாம். அவர் என்றென்றும் அவ்விடத்திலேயே நின்றிருப்பாராயின், அவ்வெண்ணம் நாளடைவில் அசையாத நம்பிக்கையாகிவிடும். அயலாரின் வெறுங்கூடையைக் கண்டு, ‘அவன் சோம்பேறி’ என்றும் சொல்லத் தொடங்குவார். ஆனால் முறை மாறுகிறது. அவர் இப்போது இறால் அரிதாகப் படும் இடத்தில் நிற்கிறார். அதே கை, அதே வலை, அதே கண்விழிப்பு, கூடையோ காலி. நேற்று அவரால் சோம்பேறி எனப்பட்டவர் இன்று அவருடைய பழைய இடத்திலிருந்து கூடையைத் தூக்க முடியாமல் தூக்கி வருகிறார். தாம் பெற்றதில் தம் திறன் எவ்வளவு, தாம் நின்ற இடம் தந்தது எவ்வளவு என்னும் கணக்கு அன்று அவருக்குத் தெளிவாகிறது.

தன்னை அறிதல் என்றால் கண்ணை மூடித் தனித்திருந்து செய்யும் செயல் என்றே பலரும் கருதுகின்றனர். அவ்வாறும் அறியலாம், நான் அதை மறுக்கவில்லை. ஆனால் தனித்திருக்கும்போது நமக்கு நாமே சாட்சி. அந்தச் சாட்சியை முழுதும் நம்புதல் அரிது. பிறர் நின்ற இடத்தில் நின்று பார்ப்பவனுக்கு வேறொரு சாட்சி கிடைக்கிறது. வகுப்பில் முதலாவதாக வரும் மாணவன், தன் வீட்டில் விளக்கும் மேசையும் அமைதியும் இருப்பதை எண்ணுவதில்லை. அவையில்லாத வீட்டில் ஒரு திங்கள் தங்கிப் படித்தால் எண்ணுவான். பாடுமுறை மீனவரை ஆண்டுதோறும் இவ்வாறு இடம் மாற்றி நிறுத்துகிறது. திறமை வேண்டாம் என்று அது சொல்வதில்லை. நல்ல பாட்டிலும் வலையைத் தவறாகக் கட்டினால் இறால் நழுவும். இறால் குறைந்த பாட்டிலும் நீரின் போக்கை அறிந்தவர் மற்றவரினும் சிறிது கூடுதலாகப் பெறுவார். ஒரே இடத்தில் மாறி மாறிப் பலர் நிற்பதனால்தான், எது இடத்தின் கொடை, எது கையின் திறன் என்று பிரித்தறிய முடிகிறது.

பொதுவான ஒன்றை மக்கள் அழிக்காமல் ஆளமுடியுமா என்பது உலகின் பெரிய கேள்விகளுள் ஒன்று. அமெரிக்க அறிஞர் காரெட் ஹார்டின் 1968இல் எழுதிய கட்டுரை, எல்லார்க்கும் பொதுவான மேய்ச்சல் நிலம் அவரவர் தன்னலத்தால் அழிந்தே தீரும் என்று வாதிட்டது. எலினார் ஆஸ்ட்ரம் என்னும் அம்மையார் அவ்வாறு முடிவுகட்டாமல், மக்கள் உண்மையில் என்ன செய்கின்றனர் என்று தேடினார். துருக்கி நாட்டின் அலன்யா என்னும் கடற்கரை ஊரைப் பற்றி 1990இல் வெளிவந்த தம் நூலில் அவர் எழுதினார். அவ்வூர் மீனவர் ஆண்டுதோறும் செப்டம்பரில் சீட்டு எடுத்து இடம் பெறுகின்றனர். சனவரி வரை நாளுக்கு ஓர் இடமாகக் கிழக்கே நகர்கின்றனர். அதன்பின் மே வரை மேற்கே திரும்புகின்றனர். நம் ஏரிக்கு எட்டாத தொலைவில், நம் சொல்லை அறியாத மக்கள், பாடுமுறையையே ஏறத்தாழக் கண்டடைந்திருக்கின்றனர். ஆஸ்ட்ரம் 2009இல் பொருளியலுக்கான நோபெல் பரிசைப் பெற்றார். அத்துறையில் அப்பரிசைப் பெற்ற முதல் பெண்மணி அவரே.

இனித் தலைமையைப் பற்றிச் சிறிது காண்போம். சீட்டு எடுக்கும் நாளில் ஊர்ப் பெரியவரும் ஒரு தலைக்கட்டே. அவர் பெயரும் மற்றவர் பெயரோடு கலந்துதான் கிடக்க வேண்டும். நல்ல இடம் தமக்கு விழாதபோது அவர் முகம் எவ்வாறு இருக்கிறது என்பதை ஊரார் எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பர். அன்று அவர் ஒரு சொல் முணுமுணுத்தால், பிறகு அவர் சொல்லும் தீர்ப்பை யார் மதிப்பார்?

இதே நீர்ப்பரப்பின் மறுகரையில், வேறு துறையில் வெளிப்பட்ட ஒரு தலைமையையும் இங்கே நினைக்கத் தோன்றுகிறது. ஏரிக்குக் கரையாகக் கிடக்கும் ஸ்ரீஹரிக்கோட்டாத் தீவிலிருந்துதான் நம் நாட்டின் ஏவுகலங்கள் விண்ணுக்குச் செல்கின்றன. ஏவும் நாள்களில் கடலுக்குள் செல்லலாகாது என்று பழவேற்காட்டு மீனவருக்கு அறிவிப்பு வரும். 1979 ஆகஸ்டு 10ஆம் நாள் எஸ்.எல்.வி. 3 என்னும் ஏவுகலம் முதன்முறையாக அங்கிருந்து புறப்பட்டது. திட்டத்தின் இயக்குநராக இருந்தவர், படகு வைத்திருந்த இராமேசுவரத்துக் குடும்பம் ஒன்றில் பிறந்த அப்துல் கலாம். ஏவுதற்குச் சற்று முன்னர்க் கணிப்பொறி தடை காட்டியது. வல்லுநர்களின் கருத்தைக் கேட்டு அவர் தடையை மீறி ஏவச் செய்தார். இரண்டாம் கட்டத்தில் கட்டுப்பாட்டுக் கருவி பழுதுற்றது. கலம் வங்கக் கடலில் விழுந்தது. செய்தியாளர் காத்திருந்தனர். விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவர் சதீஷ் தவான் கலாமை அழைத்துக்கொண்டு சென்று, தாமே விடையிறுத்தார்; தோல்விக்குத் தாமே பொறுப்பு என்றார்; தம் குழுவினரின் மேல் நம்பிக்கை உண்டு என்றும் கூறினார். 1980 சூலை 18ஆம் நாள் அதே வகைக் கலம் ரோகிணி என்னும் செயற்கைக்கோளை வெற்றியுடன் சுற்றுப்பாதையில் சேர்த்தது. அன்று தவான், செய்தியாளரை நீங்களே சந்தியுங்கள் என்று கலாமை அனுப்பினார். இதனைக் கலாமே பிற்காலத்தில் பல மேடைகளில் எடுத்துரைத்ததுண்டு. தவான் 2002இல் மறைந்தார். அவ்வாண்டே ஸ்ரீஹரிக்கோட்டா ஏவுதளம் அவர் பெயரைப் பெற்றது. வெற்றி என்னும் நல்ல இடத்தைப் பிறருக்கு விட்டு, தோல்வி என்னும் வறிய இடத்தில் தாம் நின்றவர் அவர். சீட்டு விழுந்து அவர் அவ்விடம் செல்லவில்லை, தாமாகவே சென்றார்.

பாடுமுறையைப் புகழ்ந்து நிறுத்திவிட்டால் உண்மையில் ஒரு பாதியை மறைத்தவராவோம். தலைக்கட்டாகக் கணக்கிடப்பட்டவர்க்கு அது நேர்மையானது. கணக்கில் வாராதவரோ பலர். மூன்று ஊர்களுக்கு வெளியே வாழும் மீனவர் உளர். பிற குலத்தார் உளர். வலையும் படகும் இன்றி, முழங்காலளவு நீரில் அமர்ந்து கையாலேயே இறாலைத் தடவிப் பிடிக்கும் இருளர் உளர். மீனைக் கூடையிலேற்றி விற்றுக் குடும்பத்தைத் தாங்கும் பெண்களின் பெயரும் சீட்டில் எழுதப்படுவதில்லை. அறிவியலுக்கு இடம் தந்த தீவிலிருந்தும் அக்காலத்தில் பல குடிகள் பெயர நேர்ந்தது. வெளிநாட்டு ஏற்றுமதியால் இறாலின் விலை உயர உயர, ‘எங்களுக்கும் பாடு வேண்டும்’ என்னும் குரல் பக்கத்து ஊர்களில் எழுந்தது. பூசல்களும் நேர்ந்தன. உள்ளே இருப்பவர் சொல்லும் விடையிலும் நியாயம் இல்லாமல் இல்லை: பாடுகள் சில; தலைக்கட்டுகளோ பெருகிவிட்டன; முறை வருவதற்குள் பருவமே கடந்துவிடுகிறது. இன்னும் பலரைச் சேர்த்தால் யாருக்கு என்ன கிடைக்கும்?

இக்கேள்விக்கு எளிய விடை இல்லை. ஆயினும் பிறருடைய இடத்தில் நின்று பார்க்கும் பழக்கத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கற்ற மக்கள், வரிசைக்கு வெளியே நிற்பவரின் இடத்திலும் ஒருமுறை நின்று பார்க்கக் கூடியவர்களே என்று எனக்குத் தோன்றுகிறது. இருளர் இறால் தடவும் இடத்துக்கும் வலை கட்டும் இடத்துக்கும் இடையே உள்ள தொலைவு மிகப் பெரிதன்று.

ஏரியின் நிலையும் மாறி வருகிறது. அலைகள் கொணரும் மணல் முகத்துவாரத்தை அடைத்துவிடுகிறது. அடைபட்டால் கடல்நீர் ஏறாது. படகும் வெளியே செல்லாது. நல்ல பாடு, வறிய பாடு என்னும் வேறுபாடே பொருளற்றுப் போகும். அத்தகைய காலங்களில் மீனவர் தாமே மண்வெட்டி ஏந்தி, மணலை வெட்டி வழி திறந்ததுண்டு. வெட்டிய வாய்க்காலில் கடல்நீர் முதலில் ஒரு கயிற்றின் பருமனே இருக்கும். பின்பு கரைகளை அரித்து அகன்று, ஏரிக்குள் விரைந்து பாயும். அந்நீரோடு கண்ணுக்குப் புலப்படாத இறாற்குஞ்சுகளும் வந்து சேரும்.