நீரூற்றுச் சித்திரமும் நீர் வந்த வழியும்

ஐரோப்பிய நகரங்களின் பழஞ்சதுக்கங்களில், சலவைக்கல் தேவதைகளுக்கும் குதிரைகளுக்கும் இடையே நீர் துள்ளி விழும் காட்சிகளைக் கணினியில் தீட்டுவது இன்று உலகெங்கும் பரவியுள்ள ஒரு கலை. கைத்தொலைபேசித் திரையிலும் அச்சிட்ட சுவர்ப்படத்திலுமாக அச்சித்திரங்கள் வன்னிப் பிரதேசத்து வீடுகளுக்கும் வந்து சேர்ந்துவிட்டன. அவை எவ்வாறு உருவாகின்றன, அவற்றின் குணதோஷங்களை எதைக்கொண்டு நிர்ணயிப்பது என்பவை ஆராயத்தக்க விஷயங்கள்.

நீருக்கு நிலையான உருவமில்லை. அதனாலேயே கணினிச் சித்திரக்காரருக்கு அது நெடுங்காலம் பெருஞ்சோதனையாயிருந்தது. தீ, மேகம், நீர் போன்றவற்றை, பிறந்து, நகர்ந்து, மறையும் எண்ணிறந்த துகள்களின் கூட்டமாக அமைக்கும் முறையை வில்லியம் ரீவ்ஸ் 1983இல் வெளியிட்டார். பாய்பொருள்களின் இயக்கத்தை விளக்கும் நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகளைக் கணினி தடுமாறாது விரைந்து தீர்ப்பதற்கான உபாயத்தை 1999இல் யோஸ் ஸ்டாம் அளித்தார். இவ்விரு முறைகளிலும், நீர் எங்கே தொடங்கி எவ்வளவு வேகத்தோடு புறப்படுகிறது என்பதைச் சித்திரக்காரர் முதலில் சொல்லியாக வேண்டும். 2022 முதல் பெருவழக்காகிவிட்ட செயற்கை நுண்ணறிவுச் சித்திரங்களுக்கோ அந்த நிர்ப்பந்தம் இல்லை. கோடிக்கணக்கான படங்களையும் அவற்றின் விவரணங்களையும் கற்ற யந்திரம், அர்த்தமற்ற புள்ளிக்குழப்பத்திலிருந்து படிப்படியாக ஓர் உருவத்தை வடித்தெடுக்கிறது. நீரின் முகத்தை அது நன்கறியும். நீர் வந்த வழியை அறியாது. ஆதலால், சிலையின் முழங்கையிலிருந்து காரணமின்றித் தாரை கிளம்புவதும், விழுந்த நீர் தடாகத்தில் ஒரு வளையத்தையும் எழுப்பாதிருப்பதும் அச்சித்திரங்களில் காணக்கூடிய பிழைகள்.

வழி என்று சொல்வது ஏன் என்பதை ரோமாபுரியின் திரெவி நீரூற்று தெளிவாக்கும். கி.மு. 19இல் அகிரிப்பா அமைத்த கன்னி நீர்க்கால், பெரும்பகுதி நிலத்தின் கீழாக ஏறத்தாழ 20 கிலோமீற்றர் ஓடி நகரை அடைந்தது. ஆனால் அத்தனை தூரத்திலும் அதன் இறக்கம் சில மீற்றர்களே. அக்காலின் நீரைக்கொண்டே, நிக்கோலா சால்வியின் திட்டப்படி 1732இல் தொடங்கி 1762இல் நிறைவுற்ற திரெவி அமைந்தது. அமுக்கம் குறைந்த அந்நீர் உயரப் பாயாது என்பதை உணர்ந்தே, தடாகத்தைத் தெருமட்டத்துக்குக் கீழே தாழ்த்தி, பாறைகளின்மீது அகன்று சரியும்படி சால்வி வகுத்தார். அவருடைய சாமர்த்தியத்தின் சிகரம் இதுவென்றே கருதுகிறேன். புனித பேதுரு சதுக்கத்து ஊற்றுகளோ, உயர்ந்த நிலத்தினூடாக வந்த பவுலோ நீர்க்காலினால் ஊட்டப்பெற்றமையால் வானோக்கி எழுந்தன. திரெவியின் நடுவே வானளாவிய தாரையைத் தீட்டும் சித்திரம், எத்துணை அலங்காரமுடையதாயினும், அவ்விடத்தை அறியாதது.



இக்கலைக்கான பொருளைத் தேடி ஐரோப்பாவரை செல்லவேண்டிய அவசியமும் இல்லை. காசியப்பன் 5ஆம் நூற்றாண்டில் சிகிரியாவில் அமைத்த நந்தவனத்தில், துளையிட்ட வட்டச் சுண்ணக்கற்களின் வழியே, நிலத்தடிக் கால்களில் வரும் நீர் புவியீர்ப்பின் பலத்தாலேயே மேலெழுகிறது. மாரிகாலத்தில் இன்றும் அது இயங்குகிறது. வன்னியிலோ நீரூற்றுச் சதுக்கங்கள் இல்லை. குளங்களும் துருசுகளும் வாய்க்கால்களும் உண்டு. கனகராயன் ஆற்றை மறித்து நிற்கும் இரணைமடுவில், 2018 டிசம்பர் வெள்ளத்தின்போது நிகழ்ந்ததுபோல வான்கதவுகள் திறக்கப்படும் நாளில், நீர் கதவின் அடியில் கண்ணாடித் தகடுபோல் வழவழப்பாக வெளிப்பட்டு, கீழே மோதிக் காற்றைத் தன்னுள் இழுத்துக்கொண்ட கணத்தில்தான் வெண்மையடைகிறது. அந்த வெண்மை நீரின் நிறமன்று. எண்ணற்ற குமிழிகளில் ஒளி சிதறுவதால் விளைவது. செயற்கை நுண்ணறிவின் சித்திரங்களில் தாரை, புறப்படும் துவாரத்திலேயே வெளுத்திருப்பதுண்டு. வான் பாயும் குளத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அப்பிழையை ஒரே பார்வையில் பிடிப்பர். கணினியில் வரையப் பழகும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாணவர்கள் ரோமாபுரியின் ஊற்றைத் தீட்ட விரும்பினாலும், நீரின் இயல்பைக் குளக்கட்டிலேயே பயிலலாம்.