கழுத்து வலியால் தலைசுற்றலா, தலைசுற்றலால் கழுத்து வலியா?

ரமணாசிரம வாசலைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் நடந்திருப்போம். தீபம் ஏற்றி இரண்டு நாள் ஆகியிருந்ததால் கூட்டம் குறைவு. "இங்கேருந்து பாருங்க பெரியம்மா, தீபம் நல்லாத் தெரியுது" என்று காட்டியது நான்தான். 2,668 அடி உயர மலையின் உச்சியை அண்ணாந்து பார்த்தவர், சட்டென்று என் தோளைப் பிடித்துக்கொண்டார். "மலையே சுத்துதுடி..."

டீக்கடை பெஞ்சில் உட்கார வைப்பதற்குள் சுற்றல் நின்றுவிட்டது. ஒரு நிமிடம்கூட இருந்திருக்காது. பெரியம்மாவுக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. "கழுத்தெலும்பு தேஞ்சிருக்குன்னு எக்ஸ்ரே பார்த்துச் சொல்லிட்டாங்களே" என்றார். ஒரு வருடமாகக் கழுத்தில் காலர். கிரிவலத்துக்காக அன்று கழற்றிப் பையில் வைத்திருந்தார்.

நம் வீடுகளில் தலைசுற்றலுக்கு இரண்டே காரணம்தான். இளசுகளுக்குப் பித்தம், பெரியவர்களுக்குக் கழுத்துத் தேய்மானம். அறுபது வயதைத் தாண்டிய பெரும்பாலோரின் எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரியத்தான் செய்யும், தலையே சுற்றாதவர்களுக்கும்கூட. அதனால் படத்தில் தேய்மானம் இருக்கிறது என்பதற்காக, சுற்றலுக்கும் அதுதான் காரணம் என்று முடிவுகட்ட முடியாது.

பெரியம்மாவைப் பிறகு ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் கேட்டது இரண்டே கேள்வி. என்ன செய்யும்போது சுற்றுகிறது? எவ்வளவு நேரம்? அண்ணாந்து பார்த்தால், படுக்கையில் புரண்டால், குனிந்தால் சுற்றும். அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும் என்றார் பெரியம்மா. பாதி விடை அதிலேயே கிடைத்துவிட்டது. பெரியம்மாவைப் படுக்க வைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, கண்மணி ஆடுவதைப் பார்த்து டாக்டர் மீதியையும் உறுதி செய்தார்.

பிரச்னை உள்காதில். அங்கே நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இருக்கின்றன. அவை இடம்பெயர்ந்து அரைவட்டக் குழாய்களுக்குள் விழுந்துவிட்டால், தலையை அசைக்கும்போதெல்லாம் 'உலகம் சுற்றுகிறது' என்று மூளைக்குத் தவறான தகவல் போகும். பி.பி.பி.வி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பி, துகள்களைப் பழைய இடத்துக்கே உருட்டிவிடுவதுதான் வைத்தியம். அமெரிக்க டாக்டர் ஜான் எப்லி உருவாக்கியதால் எப்லி முறை என்று பெயர். பத்து நிமிட வேலை. சிலருக்கு இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். கழுத்தில் பிரச்னை இருப்பவர்கள் யூடியூபைப் பார்த்து வீட்டில் முயலக் கூடாது.

அப்படியென்றால் கழுத்து வலி பொய்யா? இல்லை. எந்த அசைவில் சுற்றும் என்று தெரியாத பயத்தில், பெரியம்மா ஒரு வருடமாகக் குடத்தைச் சுமப்பவர் போலத் தலையை விறைப்பாக வைத்துக்கொண்டிருந்தார். தசை இறுகி, வலி வந்து, போதாததற்குக் காலர் வேறு. சுற்றல்தான் வலியைக் கொண்டுவந்திருக்கிறது.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். உடம்பின் சமநிலையைக் காது மட்டும் பார்த்துக்கொள்வதில்லை. கண்ணும், கழுத்து, முழங்கால், பாதம் ஆகியவற்றின் தசை, மூட்டுகளில் உள்ள உணர்விகளும் சேர்ந்தே மூளைக்குத் தகவல் சொல்கின்றன. பைக் விபத்தில் கழுத்து அடிபட்டவர்களுக்குக் கழுத்திலிருந்தே மயக்க உணர்வு வரலாம். ஆனால் அது பம்பரம் போன்ற சுற்றல் அல்ல. படகில் நிற்பது போன்ற தள்ளாட்டம். மற்றக் காரணங்கள் எதுவும் இல்லை என்று பார்த்த பிறகே டாக்டர்கள் அந்த முடிவுக்கு வருவார்கள்.

பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் நடப்பவர்களை இந்தக் கணக்கோடு பாருங்கள். இருட்டில் கண்ணுக்கு வேலை குறைவு. முழங்கால் வலிக்காரர் காலை முழுதாக ஊன்றுவதில்லை. சர்க்கரை நோயாலோ பி12 குறைவாலோ பாதம் மரத்திருந்தால் தரையே சரியாகத் தெரியாது. மிச்சமிருப்பது காது மட்டும். அதுவும் தடுமாறினால் விழ வேண்டியதுதான். கைத்தடி எடுத்துக்கொள்ளக் கூச்சப்படுகிறார்கள். ரமணருக்கே முழங்கால் வாதம் இருந்தது. அவர் கைத்தடியோடு நிற்கும் படத்தை வீட்டில் மாட்டியிருப்பவர்கள்கூடக் கூச்சப்படுவதுதான் எனக்குப் புரியவில்லை.

ஆசிரமத் தியான அறையில் இன்னொன்றையும் பார்க்கலாம். நெடுநேரம் சம்மணமிட்டு இருந்துவிட்டு விருட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி, கண் இருட்டும். கால் மரத்துப்போய், முட்டியும் பிடித்திருக்கும் நேரத்தில்தான் இதுவும் வரும். காலை நீட்டி, பாதத்தை அசைத்து, சுவரைப் பிடித்து எழுவது நல்லது. பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

வலிக்குப் போடும் மாத்திரையே சுற்றலைத் தருவதும் உண்டு. ட்ரமடால், ப்ரீகாபலின், தசைத் தளர்வு மாத்திரைகள் எல்லாம் அந்த வகை. மெடிக்கலில் நாமே வாங்கி மாதக்கணக்கில் போடும் வலி மாத்திரைகள் வயிற்றில் ரத்தக் கசிவை உண்டாக்கி, ரத்தசோகை வழியாக மயக்கத்தில் கொண்டுவிடும். தலைசுற்றலுக்கான சின்னாரிசினை முதியவர்கள் நீண்ட நாள் சாப்பிட்டால் கைநடுக்கம், நடைத் தளர்ச்சி வரலாம். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். எல்லா அட்டைகளையும் டாக்டர் முன்னால் வையுங்கள்.

எலும்புக்கும் காதுக்கும் நேரடித் தொடர்பும் இருக்கிறது. தென்கொரியாவில் நடந்து 2020-ல் வெளியான ஆய்வில், பி.பி.பி.வி. வந்து குணமானவர்களில் வைட்டமின் டி குறைவாக இருந்தவர்களுக்கு அதையும் கால்சியத்தையும் ஓராண்டு கொடுத்தார்கள். கொடுக்காத குழுவைவிடச் சுற்றல் திரும்ப வருவது சுமார் 24 சதவீதம் குறைந்தது. உடம்பெல்லாம் வலி, அடிக்கடி சுற்றல் என்றால் வைட்டமின் டி அளவைப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

ஒரு எச்சரிக்கை. சலூனில் கழுத்தைத் திருப்பி நெட்டி எடுக்க விடாதீர்கள். அரிதாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழியும். இதுவரை இல்லாத கடுமையான கழுத்து வலியோடு சுற்றல், பேச்சுக் குழறல், பொருள் இரண்டாகத் தெரிவது, ஒரு பக்கம் கை கால் விழுவது, நிற்கவே முடியாமை, இவற்றில் எது வந்தாலும் எலுமிச்சைச் சாறு கொடுத்துக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

பெரியம்மாவுக்கு இரண்டு முறை தலையைத் திருப்பியதில் சுற்றல் போனது. கழுத்து இறுக்கம் போக, பிசியோதெரபியோடு இரண்டு மாதம் ஆனது. இந்த வருடமும் தீபத்துக்கு வந்தார். ரமணாசிரமத்தருகே கைத்தடியை ஊன்றி நின்று, மெதுவாகத் தலையை உயர்த்தினார். நான் தோளைக் கொடுத்தேன். "வேணாம், நீ தீபத்தைப் பாரு" என்றார். காலர் எங்கே என்றேன். பரண்மேல் கிடக்கிறதாம்.