நாய்க்கு வரும் மூட்டுவாதம்

மனிதனுக்கு முழங்கால் வலித்தால் வாய்விட்டுச் சொல்கிறான், தைலம் கேட்கிறான். நாயோ வலியை மறைத்துக்கொள்ளும் இயல்புடையது. ஆகவே அது ஓடியாடாமல் படுத்துக் கிடந்தால், "வயதாகிவிட்டது" என்று வீட்டார் விட்டுவிடுகின்றனர். முதுமை நோயன்று, மூட்டுவாதமோ நோய். முன்னதாகக் கண்டால் அதன் வேதனையைப் பெரிதும் தணிக்கலாம்.

மூட்டில் நிகழ்வது என்ன?

எலும்புகள் சந்திக்கும் இடத்தில் வழவழப்பான குருத்தெலும்பு மெத்தைபோல் அமைந்திருக்கிறது. அது தேய்ந்தால் மூட்டு அழற்சியுறும்; ஓரங்களில் எலும்பு முளைக்கும்; அசைவு குறுகும். தேய்ந்தது பழைய நிலைக்கு மீள்வதில்லை. இந்நோய் கிழநாய்க்கு மட்டும் உரியதுமன்று. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற பெரிய இனங்களில், வளரும் பருவத்திலேயே இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் போவதுண்டு. அவற்றுக்கு இளவயதிலேயே மூட்டுவாதம் தொடங்கலாம்.

அறிகுறிகள்

பினாங்கு டத்தோ கிராமாட் வட்டாரத்துப் பழைய கடைவீடுகளில் மாடிப்படியே நல்ல சோதனைக் கருவி. துள்ளி ஏறிய நாய் முதற்படியில் தயங்குகிறதா? தூங்கி எழுந்ததும் விறைப்பாக நடந்து, சற்று நேரத்தில் சரியாகிறதா? ஒரே மூட்டை ஓயாமல் நக்குகிறதா? தொட்டால் உறுமுகிறதா? தொடைச்சதை மெலிகிறதா? முன்னங்கால் நொண்டும் நாய், வலிக்கும் கால் தரையில் படும்போது தலையை உயர்த்தும். மருத்துவமனையில் அச்சத்தால் இவை மறையக்கூடும். வீட்டிலேயே கைப்பேசியில் படம் பிடித்துச் சென்று மிருக வைத்தியரிடம் காட்டலாம். அவர் மூட்டுகளை மடக்கி நீட்டிப் பார்த்து, எக்ஸ்ரே எடுத்துத் தெளிவார்.

நமது வெப்ப நாட்டில் உண்ணிகள் பரப்பும் நோய்களாலும் மூட்டுகள் வீங்குவதுண்டு. நொண்டுதலோடு காய்ச்சலும் உணவில் வெறுப்பும் இருந்தால் இரத்தப் பரிசோதனை தேவை.

வீட்டில் செய்யவேண்டியவை

முதல் மருந்து எடைக் குறைப்பு. அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களைக் குட்டிப் பருவம் முதல் ஆயுள் முழுதும் கவனித்தனர். பாதி நாய்களுக்கு, தத்தம் இணைநாய்க்குக் கொடுத்ததைவிட 25 விழுக்காடு உணவு குறைக்கப்பட்டது. 2002-இல் வெளியான முடிவின்படி, குறைவாக உண்டவை பொதுவில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுவாதமும் அவற்றுக்குப் பிந்தியே வந்தது. தடவிப் பார்த்தால் விலா எலும்புகள் கையில் எளிதில் தட்டுப்பட வேண்டும். மிஞ்சிய ரொட்டி சானாயை நாய்க்கு இடும் பழக்கம் அன்பால் வந்ததே. ஆனால் அந்தச் சுமையை நோயுற்ற மூட்டுகளே தாங்கவேண்டும்.

நடையை அடியோடு நிறுத்துவதும் தவறு. வெயில் ஏறுமுன் பாடாங் பிரவுன் போன்ற திடலை ஒட்டி, நாள்தோறும் சிறிது தூரம் மெல்ல நடத்தலாம், பந்தெறிந்து பாயவிடலாகாது. வழுக்கும் தரையில் பாய் விரியுங்கள். படுக்க மெத்தென்ற இடம் கொடுங்கள்.

மருந்தில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். வீட்டிலுள்ள ஐபுரூபன் மாத்திரை நாயின் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும், உயிரையும் போக்கும். பாராசிட்டமாலும் ஆபத்தானதே. கார்புரோபன், மெலாக்சிகம் போன்றவற்றை மிருக வைத்தியர் எடைக்கேற்ற அளவில் தருவார். நீண்ட நாள் கொடுப்பதானால் ஈரல், சிறுநீரக நிலையை இடையிடையே சோதிப்பார். நாய் சற்று நன்றாக நடக்கிறதென்று அளவைக் கூட்டுவதோ குறைப்பதோ அவரைக் கேட்டே செய்யவேண்டும்.